தகட்டில் இருந்த எண்ணை நம்பி 18,550 பவுண்டு இழந்த கதை

2017 அக்டோபரில், இங்கிலாந்தில் மறுகட்டுமானத்தில் இருந்த, இரண்டாம் உலகப் போர்க்கால ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஒன்றின் நூறில் ஒரு பங்கை வாங்கினேன். 12,000, 6,000, 4,000 என்று மூன்று தவணை, மொத்தம் 22,000 பவுண்டு. 2021 மார்ச்சில் அதே பங்கை 6,500 பவுண்டுக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். நடுவில் வக்கீலுக்கு 1,900, நானாகத் தேடிப் பிடித்த ஒரு விமானப் பொறியாளருக்கு 1,150. கூட்டிக் கழித்தால் கையைவிட்டுப் போனது 18,550 பவுண்டு. மூன்றரை வருடச் சனிக்கிழமைகள் போனது தனி. பணம் கொடுக்கும் முன் எதைக் கேட்க வேண்டும், எந்தக் காகிதத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல அன்று எனக்கு ஆள் இல்லை. தமிழில் தேடியும் எதுவும் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். திட்டத்தை நடத்தியவர்களின் பெயரையும் விமானத்தின் சீரியல் எண்ணையும் எழுதப் போவதில்லை. அந்த எண்ணுக்குரிய விமானியின் குடும்பம் எங்காவது இருக்கலாம்.

தொடங்கியது 2016 கோடையில், டக்ஸ்ஃபர்ட் விமானக் காட்சியில். எம்ஹெச்434 என்ற ஸ்பிட்ஃபயர் தலைக்கு மேலே தாழப் பறந்து போனது. 27 லிட்டர், பன்னிரண்டு சிலிண்டர் மெர்லின் எஞ்சினின் சத்தம் காதில் விழுவதற்கு முன்பே நெஞ்சுக்கூட்டில் இறங்கிவிடும். சிறுவயதில் பிளாஸ்டிக் மாடல் ஒட்டிக்கொண்டிருந்தவனுக்கு அன்றைக்குக் கண் கலங்கிவிட்டது. 1943இல் கட்டிய அந்த விமானம் பெரிய அளவில் பிரித்துக் கட்டப்படாமல் பல்லாண்டு பறந்தது என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். ஸ்பிட்ஃபயர் என்றாலே எல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று மனசு முடிவு கட்டிக்கொண்டது. நான் செய்த முதல் தவறு அதுதான்.

ஒரு வருடம் கழித்து ஒரு நண்பர் மூலமாக அந்தத் திட்டம் அறிமுகமானது. விளம்பரத் தாளில் இருந்த கதை இதுதான்: 1943இல் காஸில் ப்ராமிச் தொழிற்சாலையில் கட்டிய ஒன்பதாம் ரகம் (மார்க் 9), அதே வருடம் போரில் வீழ்ந்தது, 1970களில் ஒரு வயலிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டது, குறிப்பிடத்தக்க அளவு அசல் பாகங்களோடு மீண்டும் வானேறப் போகிறது. ஹேங்கருக்கு அழைத்துப் போனார்கள். ஒரு பக்கம், கட்டும்போது தாங்கிப் பிடிக்கும் ஜிக் என்ற சட்டகத்தில் ஏற்றிய உடல்பகுதி பளபளவென்று நின்றது. இன்னொரு பக்கம் மரப்பெட்டிகளில் மண் ஒட்டிய, நசுங்கிய அலுமினியத் துண்டுகள். உடல்பகுதியின் ஐந்தாம் சட்டத்தில் (ஃப்ரேம்) விமானத்தின் எண் பொறித்த ஒரு சின்ன அடையாளத் தகடு. எஞ்சினைத் தாங்கும் கம்பிகளும் இறக்கையின் முதுகெலும்பான பிரதான ஸ்பாரும் வந்து சேருகிற, தீத்தடுப்புச் சுவராகவும் இருக்கிற சட்டம் அது. தகட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். மறுநாளே முதல் தவணையை அனுப்பிவிட்டேன்.

இங்கே ஒரு விஷயம். "குறிப்பிடத்தக்க அளவு அசல்" என்ற சொல்லுக்கு எந்த அளவுகோலும் கிடையாது. எடையில் இத்தனை சதவீதமா, பாகங்களின் எண்ணிக்கையிலா, இருக்கை, மீட்டர், கைப்பிடி எல்லாம் சேர்த்தா என்று கேட்டிருக்க வேண்டும். எந்தெந்தப் பாகம் பழையது, எது எங்கிருந்து வந்தது, எது புதிதாகச் செய்தது என்று ஒரு பட்டியல் எழுத்தில் வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். நேர்மையாக வேலை செய்கிற பட்டறையில் இந்தப் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு துண்டையும் கழற்றும் முன் எடுத்த படமும் இருக்கும். கேட்டால் ஆசையோடு எடுத்துக் காட்டுவார்கள். நான் கேட்கவே இல்லை.

சனிக்கிழமைகளில் போய்க் கைவேலை செய்ய ஆரம்பித்தேன். பழைய துண்டுகளைக் கழுவுவது, ரிவெட் தலையை நோண்டி எடுப்பது, எண்களைக் குறித்துவைப்பது. ஆறேழு மாதத்தில் புரிந்தது: ஜிக்கில் நிற்பதில் பழையது என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமில்லை. பழைய சட்டங்களை மேசையில் வைத்து, அளவெடுத்து, புதுத் தகட்டில் அடித்துக்கொண்டிருந்தார்கள். மாதிரி எடுத்து முடித்த பழைய துண்டு நேராகக் குப்பைத் தொட்டிக்குப் போனது. ஏன் என்று கேட்டதற்கு, "எல்லா ஸ்பிட்ஃபயரும் இப்படித்தான்" என்றார்கள்.

அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயமாக எழுதியதாகாது. ஸ்பிட்ஃபயர் இறக்கையின் ஸ்பார் ஒரு அற்புதமான வேலைப்பாடு. சதுரக் குழாய்க்குள் சதுரக் குழாயாகச் செருகியிருப்பார்கள். உடலை ஒட்டிய இடத்தில் எல்லாக் குழாயும் சேர்ந்து கெட்டியாக இருக்கும். நுனிக்குப் போகப் போக ஒவ்வொன்றாக நின்றுபோய் எடை குறையும். அந்தக் குழாய்களுக்கு நடுவே ஈரம் புகுந்து அரிக்க ஆரம்பித்தால் வெளியிலிருந்து தெரியாது. எண்பது வருட அலுமினியக் கலவையை நம்பி ஒரு விமானியை மேலே அனுப்ப முடியாது. எனவே பறக்க வேண்டுமென்றால் ஸ்பார், ரிவெட், வெளித்தகடு எல்லாம் பெரும்பாலும் புதுசுதான். போர்க்காலத்திலும் இப்படித்தான் நடந்தது. அடிபட்டு வந்த விமானத்துக்கு வேறொன்றின் இறக்கையை மாட்டி, எஞ்சினை மாற்றித் திருப்பி அனுப்பினார்கள். ஆகவே எஞ்சின் வேறு, இறக்கை வேறு என்பதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

எடுத்துக்காட்டுக்கு, பி9374 என்ற ஸ்பிட்ஃபயர் 1940 மே மாதம் பிரான்ஸின் காலே அருகே கடற்கரையில் இறங்கி, மணலில் புதைந்து, 1980இல்தான் வெளியே தலைகாட்டியது. நாற்பது வருடம் உப்புநீரில் கிடந்த உலோகத்தில் எவ்வளவு மிஞ்சும்? அதைக் கட்டியெழுப்பி 2011இல் பறக்கவிட்டார்கள். 2015 ஜூலையில் 31 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. அதில் பெரும்பகுதி புது உலோகம் என்பதை யாரும் மறைக்கவில்லை. எந்த விமானம், யார் ஓட்டினார், எங்கே விழுந்தது, எப்போது எடுத்தார்கள் என்ற சங்கிலி அறுபடாமல் இருக்கிறது. இன்னொரு ஓரத்தில் பி7350. 1940இல் ஜெர்மனியை எதிர்த்து நடந்த பிரிட்டன் வான்போரில் பங்கெடுத்து, போருக்குப் பின் வெறும் 25 பவுண்டுக்குக் காயலான் கடைக்குப் போய், வாங்கியவர்கள் அதன் அருமை தெரிந்து திருப்பிக் கொடுத்ததால் பிழைத்தது. குண்டு துளைத்த இடத்தில் போட்ட ஒட்டு இன்றும் அதன் இறக்கையில் தெரியும். நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆர்4118 என்ற ஹரிக்கேன் போர் விமானம், அதே பிரிட்டன் வான்போரில் 49 முறை போர்ப் பறப்புக்குப் போனது, வாரணாசி இந்துப் பல்கலைக்கழக வளாகத்தில் பல்லாண்டு வெயிலிலும் மழையிலும் கிடந்தது. 2001இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், 2004 டிசம்பரில் பறக்கவிட்டார்கள். அது எங்கிருந்து எங்கே போனது என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

முழுக்கப் புதிதாகச் செய்து, புதிது என்றே சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். 1990களில் ரஷ்யாவில் யாக்-3 விமானங்களை அமெரிக்க ஆலிசன் எஞ்சின் வைத்துப் புதிதாகக் கட்டினார்கள். ஜெர்மனியில் ஃபோக்கவுல்ஃப் 190ஐ வேறு எஞ்சினோடு புதிதாகக் கட்டினார்கள். அதிலெல்லாம் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. வாங்குகிறவனுக்கு என்ன வாங்குகிறோம் என்று தெரியும்.

என் விஷயத்துக்கு வருகிறேன். 2019இல் ஒரு நாள் என் மனைவியை ஹேங்கருக்கு அழைத்துப் போனேன். எல்லாவற்றையும் பொறுமையாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இதுல அந்த விமானம் எங்க இருக்கு?" என்று கேட்டாள். தகட்டைக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வீடு வரும்வரை நானும் பேசவில்லை. அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்தத் தகடாவது உண்மையா என்று முதல்முறையாகத் தோன்றியது.

அடுத்து அவசரப்பட்டு ஒரு காரியம் செய்தேன். ஸ்பிட்ஃபயர் பாகங்களில் பொறித்த எண்கள் ரகத்தைச் சொல்லும். 300 என்று தொடங்கினால் முதல் ரகத்தின் வரைபடம், 349 ஐந்தாம் ரகம், 361 ஒன்பதாம் ரகம். பெட்டியில் இருந்த துண்டுகளில் 300உம் 349உம்தான் இருந்தன, 361 ஒன்றுகூட இல்லை. உடனே மற்ற பங்குதாரர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் போட்டுவிட்டேன். பதில் ஒரே வரியில் வந்தது: ஒன்பதாம் ரகமே ஐந்தாம் ரகத்தின் உடலை வைத்து உருவானதுதான், பழைய எண் கொண்ட பாகங்கள் அதில் ஏராளம். அவர்கள் சொன்னது சரி. அந்த ஒரு மின்னஞ்சலோடு, அரைகுறையாகப் படித்துவிட்டுக் கலகம் செய்கிறவன் என்று எனக்குப் பெயர் வந்துவிட்டது. பிறகு நான் உண்மையான ஆதாரத்தோடு போனபோது காதுகொடுக்க யாரும் தயாராக இல்லை. இந்த நிலைமை யாருக்கும் வரக் கூடாது. பாக எண் ஒரு துப்பு, அவ்வளவுதான். அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆதாரம் முழுதாகச் சேரும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

பிறகுதான் காகிதம் பக்கம் போனேன். போரில் இருந்த பெரும்பாலான ஆர்.ஏ.எஃப். (பிரிட்டிஷ் விமானப்படை) விமானங்களுக்கு ஏ.எம். படிவம் 78 என்று ஓர் அட்டை உண்டு. எந்தத் தொழிற்சாலையிலிருந்து எந்த ஸ்குவாட்ரனுக்கு (படைப்பிரிவுக்கு) எந்தத் தேதியில் போனது, கடைசியில் என்ன ஆனது என்று சுருக்கெழுத்தில் குறித்திருப்பார்கள். லண்டன் ஹெண்டனில் உள்ள ஆர்.ஏ.எஃப். அருங்காட்சியகத்தில் அந்த அட்டைகள் இருக்கின்றன. எழுதிக் கேட்டேன். வந்த நகலில் கடைசி வரி எஃப்.டி.ஆர். திரும்பி வரவில்லை என்று பொருள். அதில் இடம் இருக்காது. இடம் வேண்டுமென்றால் ஸ்குவாட்ரனின் செயல்பாட்டுப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். அது லண்டன் க்யூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ.ஐ.ஆர். 27 வரிசையில் இருக்கிறது. அதில் படிவம் 540 அந்த மாதத்தின் நடப்பைச் சொல்லும். 541 ஒவ்வொரு பறப்புக்கும் விமான எண், விமானி பெயர், கிளம்பிய நேரம், திரும்பிய நேரம் சொல்லும். 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காகக் காப்பகத்தை மூடியிருந்த சமயம், கணினியில் ஏற்றிய ஆவணங்களைப் பதிவு செய்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். ஊரடங்கில் வீட்டு மேசையில் உட்கார்ந்து, அந்தத் தட்டச்சுப் பக்கங்களை இரவு ஒரு மணிக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் எண் வந்தது. விமானி பெயர் வந்தது. எஞ்சின் கோளாறாகி, இங்கிலீஷ் கால்வாய்க்கு மேலே பாராசூட்டில் குதித்தார், விமானம் கடலில் விழுந்தது என்று இருந்தது. உடன் பறந்தவர் பார்த்திருக்கிறார்.

கடலில் விழுந்த விமானத்தை வயலில் எப்படித் தோண்டி எடுத்தார்கள்? அந்தப் பக்கத்தை நாலைந்து முறை படித்தேன். கை சில்லிட்டுப்போனது. ஏமாந்த கோபம் அப்போது வரவில்லை, அது பிறகு வந்தது. முதலில் வந்தது வெட்கம். இந்த அட்டையும் இந்தப் பதிவேடும் நான் பணம் கட்டிய அன்றைக்கும் அங்கேயேதான் இருந்தன. இரண்டையும் பார்க்க ஒரு மாதம் ஆகியிருக்கும், செலவு நூறு பவுண்டைத் தாண்டியிருக்காது. நீங்கள் விமானத்தில் பங்கு வாங்கினாலும் சரி, ஒரு கைப்பிடி வாங்கினாலும் சரி, இன்ன விமானத்தினுடையது என்று எண் சொல்லி விற்றால், முதலில் இந்த இரண்டு காகிதத்தையும் பாருங்கள்.

இன்னொரு காகிதமும் உண்டு. 1986இல் வந்த ராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, பிரிட்டனில் போர் விமானம் விழுந்த இடத்தைத் தோண்ட பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் வேண்டும். அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், எந்த இடத்தில் தோண்ட அனுமதித்தார்கள் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும். சட்டத்துக்கு முன்பே தோண்டியது என்றால் இந்த உரிமம் இருக்காது. எங்கள் கதையில் தோண்டிய வருடம் 1970கள் என்று இருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை. அப்படிச் சொன்னால் அந்தக் காலத்துப் படம், நிலத்துக்காரரின் கடிதம், உள்ளூர்ச் செய்தித்தாள் என்று ஏதாவது ஒன்றையாவது கேளுங்கள். பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவேட்டில் அந்த எண் இருக்கிறதே என்று காட்டுவார்கள். எனக்கும் காட்டினார்கள். அந்த ஆணையம் பார்ப்பது விமானம் பாதுகாப்பாகப் பறக்குமா என்பதை. வரலாற்றுக்கு அது சான்று தருவதில்லை.

இந்த முறை அவசரப்படவில்லை. ஓய்வுபெற்ற ஒரு விமானப் பொறியாளரைப் பிடித்து, ஊரடங்கு தளர்ந்ததும் பங்குதாரர் என்ற உரிமையில் ஹேங்கருக்கு அழைத்துப் போனேன். அவர் ஜிக் பக்கம் போகவே இல்லை. நேராகப் பெட்டிகளிடம் போனார். ஒவ்வொரு துண்டாக எடுத்து, துணியால் துடைத்து, சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். அரை மணி நேரம் கழித்து, நசுங்கி அப்பளமாகிப்போன ஒரு வளைந்த உறையைக் கையில் எடுத்து, அதன் விளிம்பில் விரலை ஓட்டிக் காட்டினார். ஐந்தாம் ரகத்தில் இடது இறக்கைக்குக் கீழே எண்ணெய்க் குளிர்விப்பான் தனியாக, உருண்டையாகத் தொங்கும், இது அதன் உறை என்றார். ஒன்பதாம் ரகத்தில் இரண்டு இறக்கைக்குக் கீழும் பெரிய பெட்டி ரேடியேட்டர்கள், எண்ணெய்க் குளிர்விப்பான் அதற்குள்ளேயே அடக்கம். இந்த உறைக்கு அங்கே வேலையே இல்லை.

ஆக, பெட்டியில் இருந்தது ஒரு ஐந்தாம் ரகம். தகட்டில் இருந்தது கடலுக்கடியில் கிடக்கும் ஒரு ஒன்பதாம் ரகத்தின் எண். ஜிக்கில் நின்றதோ இரண்டும் இல்லை. பணம் போனதைவிட என்னை வாட்டியது இதுதான். விமானத்தின் பக்கவாட்டில் எழுதப்போவதாகச் சொன்ன பெயர், அந்த உலோகத்தைத் தொட்டேயிராத ஒருவருடையது. அந்த நசுங்கிய துண்டுகளோடு மண்ணில் போய்ச் சொருகியவர் யாரோ, அவருடைய விமானம் அடையாளமே இல்லாமல் குப்பைத் தொட்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு பொய்த் தகடு இரண்டு பேருக்கு அநியாயம் செய்கிறது.

ஆதாரங்களை அனுப்பினேன். பதிவேடுகளில் பிழை சகஜம் என்று பதில் வந்தது. பிழைகள் இருப்பது உண்மைதான், அந்த எண்ணெய் உறைக்கு மட்டும் பதில் வரவில்லை. மற்ற பங்குதாரர்களில் நாலு பேர் எழுதினார்கள். அதில் மூன்று பேர் சொன்னது, "பறந்தால் போதும், கிளறாதீர்கள்." வக்கீல் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, இதில் நீங்கள் வாங்கியது 'திட்டத்தில் ஒரு பங்கு', எந்த எண்ணும் இதில் இல்லையே என்றார். கதை முழுக்க விளம்பரத் தாளில் இருந்தது, கையெழுத்துப் போட்ட தாளில் ஒரு வரிகூட இல்லை. வழக்குப் போட்டால் இழந்ததைவிட அதிகம் ஆகும் என்று அவர் நேர்மையாகச் சொன்னார். உங்களுக்குச் சொன்ன எண்ணையும், கதையையும், அசல் பாகப் பட்டியலையும் ஒப்பந்தத்தில் இணைக்கச் சொல்லுங்கள். மறுத்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். விலகினால் பங்கை யார், என்ன கணக்கில் திரும்ப வாங்குவார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

வெளியாள் ஒருவருக்கு 15,000க்கு விற்றுத் தருவதாகச் சொன்னார்கள். தெரிந்தே இன்னொருவர் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. குழுவே 6,500க்கு எடுத்துக்கொண்டது. கையெழுத்துப் போட்ட அன்று, குப்பைத் தொட்டியில் கிடந்ததிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

உள்ளங்கை நீளத்தில் ஒரு பிடிமானத் தகடு. ஒரு முனை முறுக்கிக்கொண்டிருக்கிறது. 349 என்று தொடங்கும் எண், பக்கத்தில் ஆய்வாளர் அடித்த சின்ன வட்ட முத்திரை. உட்பக்கம் பச்சைச் சாயம் உரிந்த இடத்தில், அளவுக்காக யாரோ பென்சிலால் போட்ட ஒரு கோடு இன்னும் அழியாமல் இருக்கிறது. பழைய தன்னார்வலர் ஒருவர், பெட்டிகள் கென்ட் பகுதியிலிருந்து வந்ததாக ஞாபகம் என்றார். கென்ட்டில் நிலத்தில் விழுந்த ஐந்தாம் ரகங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருகிறேன். மூன்று பெயர்கள் மிச்சம் இருக்கின்றன. அதில் ஒருவரின் விபத்துக் கோப்பு ஏ.ஐ.ஆர். 81 வரிசையில் இருக்கிறது, அதை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். அடுத்த செவ்வாய்க்கிழமைக்குக் க்யூவில் இடம் பதிந்திருக்கிறேன். தகட்டையும் துணியில் சுற்றி எடுத்துப் போகிறேன்.